எதிர்க்கதவு

மழை விட்ட மத்தியானம், பர்மாவின் பசுந்தாங் பேட்டையில் அந்தப் பழைய பங்களா வளவுக்குள் ஆபித் அளவு நாடாவோடு நுழைந்தான். எதிரெதிரே மும்மூன்றாக ஆறு சின்னப் பங்களாக்கள். நடுவே செங்கல் பாவிய முற்றம். ஒரு கதவைத் திறந்தால் எதிர்க்கதவு நேராகத் தெரியும்படி வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது.

இப்போது ஐந்துதான். இடப்பக்கக் கடைசி வீடு இருந்த இடத்தில் ஓடுகளும் தேக்கு உத்தரங்களும் குவிந்து கிடந்தன.

அது சாயிமாவின் வீடு. படுத்த படுக்கையாக இருந்தவள். மற்றவர்கள் எல்லாரும் காலி செய்து போயிருந்தார்கள். போன மாதம் ஆபித் அளக்க வந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து தைல வாடையும் இருமலும் குரலும் வந்தன.

"யாரு வாப்பா?"

அவன் பதில் சொல்லவில்லை. உரிமையாளர் கேட்டபடி, வரைபடத்தில் அந்த வீட்டின் மேல் 'ஆள் இல்லை' என்று எழுதினான். மறுவாரம், சோறு கொண்டுவருகிற பெண் வருமுன்னே இடிக்கிற இயந்திரம் வந்துவிட்டது.

இன்று மிச்ச ஐந்துக்கும் அளவு. நாடா நுனியைப் பிடிக்க ராணி வந்திருந்தாள். பர்மியத் தாய்க்குப் பிறந்தவள். நுனியைச் சுவரில் பதித்ததும் "யாபி" என்பாள், ஆயிற்று என்று. அவன் இழுத்து அளவு படிப்பான்.

"இந்தத் தடவ கதவத் தட்டிப் பாத்தீங்களா, கோ ஆபித்?" என்றாள் ராணி; அண்ணன் என்பதற்கு அவள் வாயில் 'கோ'தான். அவன் நாடா நுனியை அவளிடம் நீட்டினான்.

வலப்பக்கக் கடைசிக் கதவில் நின்றுகொண்டு, முற்றத்தின் எதிர் ஓரத்துக்கு அவளை அனுப்பினான். குனிந்து முந்தைய அளவைக் குறித்துக்கொண்டான். நாடா விறைத்தது.

"புடிச்சிருக்கேன், வாப்பா."

இழுத்தான். முப்பத்திரண்டு அடி. போன மாதம் சாயிமாவின் கதவுவரை வந்த அதே அளவு.

நிமிர்ந்தான்.

நாடா இடிபாட்டுக்கு மேலே, கதவின் உயரத்தில், காற்றில் முடிந்தது.

ராணி வளவு வாசலில் தேநீர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஈரச் சுண்ணாம்பும் தைலமும் கலந்த வாடை. நாடா ஒருமுறை அவனை வெடுக்கென்று இழுத்தது.

போட்டுவிட்டு ஓடினான். ராணியின் தோளை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டினான். இரண்டு கோப்பைகளோடு அவள் முற்றத்தைப் பார்த்தே கூப்பிட்டாள்: "கோ ஆபித்?"

தின்கன்ஜூனில் பேருந்தை விட்டிறங்கி, மாடியேறி, தன் வீட்டுக் கதவைத் தட்டினான். மனைவி நிலோஃபர் திறந்தாள். இடமும் வலமும் பார்த்தாள்.

"நான்தான்," என்றான்.

உள்ளேயிருந்து மகள் ஸமீரா கேட்டாள்: "யாரும்மா?"

"ஆள் இல்ல."

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், படிக்கட்டில், யாரோ இருமினார்கள்.