ஆறிக்கொண்டிருந்த ஈரல்

போன் அலறியது!

"சார், திருமலை ஈரல்ல ஏதோ இடிக்குது... உடனே வாங்க!"

பேசியது பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எவாஞ்சலின். ஜீப்பை விரட்டினார் இன்ஸ்பெக்டர் அருள்ஜோசப்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி. இரும்பு பாகங்களை ரசாயனத்தில் கழுவும் வேலை திருமலைக்கு. திங்கட்கிழமை யாரோ வால்வைத் திறந்துவிட, புகையில் சுருண்டு விழுந்தான். கூட வேலை பார்த்த கங்கப்பனின் புகாரில் சூப்பர்வைசர் சின்னராஜ் அன்றே கைது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் திருமலை செத்துப்போனான்.

"ரசாயனம் பட்டா ஈரல் செல்லுங்க தவிச்சுப் போகும் சார்," என்றாள் எவாஞ்சலின். "உடம்போட எதிர்ப்பு செல்லுங்க ஓடி வரும். முதல்ல வர்றதுங்க அந்தத் தவிப்பைக் கிளறிவிடும். ரெண்டு மூணு நாள்ல தணிக்கிற செல்லுங்க சேரும். ஈரல் ஆறும்."

"இவனுக்கு?"

"தணிக்கிறதுங்க நிறைய இருக்கு. நல்லா ஆறிட்டு வந்த ஈரல்!"

"அப்புறம் ஏன் செத்தான்?"

"பக்கத்துலயே புதுக் காயம். அங்க முதல்ல வர்ற கூட்டம்தான் நிக்குது. ஒரே நாள் பழசு! வியாழக்கிழமை யாரோ அதே ரசாயனத்தைக் குடிக்கக் கொடுத்திருக்காங்க..."

வியாழக்கிழமை சின்னராஜ் ஜெயிலில் இருந்தார்!

'வால்வு திறந்தப்போ நான் திருமலைகூட வாசல்ல பேசிட்டிருந்தேன் சார்... புகையைப் பாத்து அவன்தான் வால்வை மூட உள்ள ஓடினான்...' அன்று அவர் தன் காலில் விழுந்து கெஞ்சியது அருள்ஜோசப்பின் நெஞ்சில் குத்தியது.

நம்பவில்லையே நான்!

வெளியே திருமலையின் மனைவி காவேரி உடலுக்காகக் காத்திருந்தாள்.

"வியாழக்கிழமை என்னம்மா குடிச்சாரு?"

"கங்கப்பண்ணன் பாட்டில்ல கொண்டாந்த எளநிதாங்க. புகை பட்டதுலருந்து அவருக்கு வாசனையே தெரியலீங்க..."

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாரா?"

"அன்னைக்குத்தாங்க பேச்சே வந்துச்சு. சின்னராஜ் சார் மேல தப்பில்ல, எங்கூடத்தான் நின்னாரு, போலீஸ்ல சொல்லணும்னாரு. அண்ணனும் கேட்டுட்டுத்தான் எளநி வாங்கப் போ..."

காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். மூடியைத் திறந்தார்.

குப்பென்று கம்பெனி நெடி!

ஸ்டேஷன் வாசலில் ஒரே கூச்சல். நடுவில் கங்கப்பன். போன மாதம் சின்னராஜால் ஒரு வாரம் சஸ்பெண்ட் ஆகித் திரும்பியவன்.

"சின்னராஜ் மேல கொலைக் கேஸ் போடுங்க சார்!"

அருள்ஜோசப் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போட்டாச்சு கங்கப்பா... பேருல மட்டும் சின்னத் திருத்தம்!"