கடைசி வரிக்குக் கீழே

"இது கவிதையா டீச்சர்? எதுகை இல்ல, மோனை இல்ல… வசனத்தை ஒடிச்சு ஒடிச்சுப் போட்டா கவிதை ஆயிடுமா?"

"நான் ஒடிக்கல. அப்பாவைப் பத்தி எழுதறப்போ அங்கங்க மூச்சு நின்னுச்சு… வரியும் அங்கங்க நின்னுடுச்சு. அதைப் போய் ஒட்டி வச்சிருக்கீங்களே!"

அந்த 1962ஆம் வருட மழைக்காலம் முழுக்க மருதப்பனின் காதில் அந்த டீச்சரின் குரல்தான். சிராங்கூன் சாலை அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன் அவன். கல்யாண வாழ்த்துப்பாக்களை வெண்பாவில் எழுதித் தருபவனும் அவனே. தமிழ்ப்பள்ளி ஆசிரியை சந்திரமதி, இறந்துபோன தந்தைக்கு எழுதிய இரங்கல் கவிதையை, இடம் மிச்சமாகட்டுமே என்று ஒரே பத்தியாகக் கோத்துவிட்டான். கருமாதிக்கு வந்த அத்தனை பேர் கையிலும் அந்தப் பத்திதான். மறுநாள் நனைந்தபடி வந்து சண்டை போட்டாள். அவள் கண்களில் வழிந்தது மழையா… அவனுக்குத் தெரியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வெண்பாக்காரனின் வீம்பு!

பிறகு பள்ளித் தேர்வுத்தாள் அச்சிட வரும்போதெல்லாம், "என்ன வெண்பா, இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று சீண்டுவாள். சிரிப்பான். சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு எழுத்துக் கோக்கத் திரும்பிவிடுவான்.

போன வாரம் அவள் சீண்டவில்லை. "நாகப்பட்டினத்துக்கு அண்ணன் கூப்பிடுறாரு. அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல். அப்பா போனப்புறம் இங்க எனக்கு யாரு இருக்கா லா?"

இன்று வியாழன். விடைபெற வந்தவளிடம் ஒரு தாளை நீட்டினான். மை இன்னும் காயவில்லை. அவளுடைய கவிதை… அவள் நிறுத்திய இடத்தில் நின்று, விட்ட இடத்தில் விட்டு.

"வெத்து இடத்துக்கும் ஈயத்துண்டு வச்சுத்தான் அடைக்கணும் டீச்சர். எட்டு வருசமா வைக்கிறேன்… உங்க வரிக்கு வச்சப்போதான் அதோட கனம் தெரிஞ்சுது. மன்னிச்சிடுங்க."

சந்திரமதியின் விரல் வரிவரியாக இறங்கி, கடைசி வரிக்குக் கீழே போய் நின்றது. பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது.

"இங்க ஏன் இவ்வளவு இடம்?"

"அது… எனக்கு. நாலு வெண்பா எழுதிப் பார்த்தேன். நாலும் பொய்யா இருந்துச்சு. கிழிச்சுட்டேன்."

"எதுகை கிடைக்கலையாக்கும்?" சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

வெளியே மழை வலுத்தது. மருதப்பன் மை படிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போகாதீங்க…"

மூச்சு நின்றது.

"என்கூட…

இருந்துடுங்க."