ஆற்றில் இறங்கிய வண்டி

"என் புருஷனைக் கொன்னது என் கொழுந்தன்தான். அதை நீங்க நிரூபிச்சுக் கொடுக்கணும்," என்றார் டீச்சர். நாற்காலியில்கூட இன்னும் உட்காரவில்லை.

மச்சானுக்குத் துடிப்பு தாங்கவில்லை. வாகனத் தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற தன் அக்கா புருஷனைத் தேடி இதுவரை வந்ததெல்லாம் திருட்டு வண்டி, திருத்திய எஞ்சின் நம்பர் என்று சில்லறை விவகாரங்கள்தான். கொலை என்று ஒன்று வாசலேறி வந்தது இதுவே முதல் தடவை. அவன் நோட்டைத் தேடி எடுப்பதற்குள் அத்தான் டீச்சரை உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். டீச்சரின் கணவர் நில அளவையாளர். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் தன் பழைய சொகுசு ஜீப்பில் வேலைக்குக் கிளம்பினார். மறுநாள் வண்டி மட்டும் ஆற்றுக்குள் ஒரு பாறையில் முட்டிக்கொண்டு, கதவு திறந்தபடி கிடந்தது. ஆள் கிடைக்கவே இல்லை. அவர் கிளம்புவதற்கு முதல்நாள்தான் அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து டீச்சர் கொழுந்தனைப் படியேற விட்டதில்லை.

"அந்த வண்டியை எப்படித் தேர்ந்தெடுத்தார்?" என்று கேட்டார் அத்தான்.

போச்சுடா, என்று மச்சான் நொந்துகொண்டான். கொலை என்று அழுதுகொண்டு வந்தவரிடம் போய் வண்டிக் கதை கேட்கிறாரே!

ஆனால் டீச்சரின் முகம் கொஞ்சம் இளகியது. "என்னைக் கட்டிக்க அரை நாள்கூட யோசிக்கல சார். வண்டிக்கு ரெண்டு வருஷம். பதினோரு வண்டி பார்த்தார். ஒண்ணுல அடிச்சட்டம் துரு, ஒண்ணுல வெள்ளத்துல கிடந்த வாடைன்னு எல்லாத்தையும் கழிச்சுக் கட்டிட்டு, கடைசியா இதை எடுத்தார். நாலு சக்கரமும் இழுக்கும். உள்ளே மரப்பலகை, தோல் சீட்டு. சும்மா ஒரு ஒயர்ல டேப் சுத்தினாக்கூட முனையை மடிச்சு விடுவார். பிரிக்கறப்போ நகத்தால சுரண்டக் கூடாதாம். 'அம்மாவையும் இப்படி ஒரு நாள் கவனிங்கப்பா'ன்னு என் பொண்ணு கேலி பண்ணுவா."

மறுநாள் காலை டீச்சர் வீட்டுக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். அத்தான் சொல்லி அனுப்பியதால் தம்பியும் வந்து, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வண்டியைப் பழுதுபார்த்துவந்த மெக்கானிக்கும் வந்திருந்தார். ஊரில் அவரைக் கிரீஸ் என்றால்தான் தெரியும்.

வண்டியைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. தோல் சீட்டெல்லாம் பூஞ்சை. கதவுகளில் பாதி உயரத்துக்குச் சேற்றுக் கறை. கிரேன் வைத்துத் தூக்கிய அன்று பானெட்டின் மேல் போலீசார் ஒட்டிய முத்திரைத் தாள் கிழியாமல் இருந்தது. அதன் பிறகு யாரும் தொடவில்லை.

அத்தான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். வெகுநேரம் கழித்து, முதுகெல்லாம் புழுதியாக வெளியே வந்தார். "கிளட்ச்சுக்கு அடியில ஒரு மூடி திருகியிருக்கு. அது எதுக்கு?"

"தண்ணியில இறங்கறதுக்கு சார்," என்றார் கிரீஸ். "எண்ணெய் கசிஞ்சா சொட்டட்டும்னு அந்த ஓட்டை எப்பவும் திறந்தே இருக்கும். ஆத்துல இறங்கறதுக்கு முன்னாடி மட்டும் மூடணும். இல்லன்னா கிளட்ச் நாசம். இந்த மாதிரி வண்டி வச்சிருக்கறவங்களுக்குத்தான் இது தெரியும்."

"எனக்கு சைக்கிள் செயின் மாட்டவே தெரியாது," என்று முணுமுணுத்தார் தம்பி.

மச்சான் குறுக்கே பாய்ந்தான். "அப்போ சரிதான் அத்தான்! இவரோட அண்ணன் கரையில நிறுத்தி மூடியைப் போட்டிருக்கார். அந்த நேரம் பார்த்து யாரோ அவரை அடிச்சுப் போட்டுட்டு வண்டியை உள்ளே தள்ளிட்டாங்க!"

"இருடா," என்று அத்தான் முத்திரையைக் கிழித்துப் பானெட்டைத் தூக்கினார்.

பேட்டரியின் இரண்டு ஒயர்களும் கழற்றப்பட்டிருந்தன. இரண்டு முனைகளிலும் கறுப்பு டேப் சீராகச் சுற்றியிருந்தது. அதன் கடைசி நுனி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேட்டரியைக் கழட்டினவர் வண்டியை ஓட்டப் போறவர் இல்ல," என்றார் அத்தான் தாழ்ந்த குரலில். "அடிச்சுப் போட்டவனுக்கு ஒயர் நனைஞ்சா என்ன, எரிஞ்சா என்ன? கரைச் சரிவுல வண்டியை உருள விட்டவர், அது கெடக் கூடாதுன்னு நினைச்சவர். அப்படிப்பட்ட ஆள் ஒருத்தர்தான்."

"தற்கொலையா?" மச்சானின் குரல் உள்ளே போயிருந்தது.

"சாகறவர் வண்டியைக் கரையிலேயே விட்டிருப்பார். அதை நனைச்சது, உள்ளே ஆள் இருந்ததா நாம நம்பணும்னுதான். அவர் போயிட்டாரும்மா. தானாவே நடந்து போயிட்டார்."

கிரீஸ் மெல்ல வெளியே போய் நின்றுகொண்டார்.

"அண்ணி," என்று தம்பி ஆரம்பித்தார். ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்வது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கு அண்ணன், 'எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடலாம்போல இருக்கு'ன்னார். உங்களுக்குக் குடும்பம் இருக்குண்ணேன்னு கத்தினேன். ரெண்டாம் நாள் வண்டி ஆத்துல கிடக்கு. அவரே உயிரை விட்டுட்டார்னு நினைச்சேன். அதை உங்ககிட்ட சொல்றதுக்குப் பதிலா, கொலைகாரன்னு பேர் வாங்கிட்டே இருந்துடலாம்னு விட்டுட்டேன்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி ஓடிவந்து தோளைப் பிடித்தார். அவர் கையை டீச்சர் தட்டிவிடவில்லை, இறுகப் பற்றிக்கொண்டார். "ஐயோ, உன்னை நான் என்னென்ன பேசினேன்! வண்டி நனையுமேன்னு அத்தனை யோசிச்சிருக்காரே. நாங்க ரெண்டு பேர் அவருக்கு ஞாபகமே வரலையா?"

மச்சானுக்குக் கொலையாகவே இருந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. இந்தப் பாழாய்ப்போன மூளை எதற்கு, வண்டிக்கடியில் புகுந்து இதைக் கண்டுபிடிக்கத்தானா என்று அத்தான்மேல்கூடக் கோபம் வந்தது.

"எங்கே இருக்கார்னு தேடணும்னா..." என்றார் அத்தான்.

"வேண்டாம் சார்."

அப்போது டீச்சரின் போன் அடித்தது. வெளியூரில் படிக்கும் மகள். ஸ்பீக்கரில் போடாமலேயே அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா, அவங்க பார்த்துட்டாங்களா? அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுதா?"

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வகுப்பில் பேசுகிறவரின் தெளிவான குரல் எங்கிருந்தோ வந்தது.

"தெரிஞ்சுதும்மா. சித்தப்பா மேல எந்தத் தப்பும் இல்ல. ஆத்துல திடீர்னு தண்ணி ஏறிடுச்சாம். அப்பா ரொம்ப நேரம் கஷ்டப்படலையாம்." தம்பியின் கையை இறுக்கிக்கொண்டார். "கடைசி வரைக்கும் நம்மகிட்ட வந்துடணும்னுதான் பார்த்திருக்கார்."

மறுமுனையில் மகள் அழத் தொடங்கினாள். அத்தான் பானெட்டை ஓசைப்படாமல் இறக்கி மூடினார்.