நாலாம் நிலத்து இலைகள்

வலைப் பைக்குள் இருந்த பிர்ச் மரத்து இலைகள் பச்சையாக இருந்தன. தாஸ்யா பையை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போன செப்டம்பரில், பனி விழுவதற்கு முன்னால், மஞ்சளாகப் பழுத்த இலைகளாகப் பார்த்துப் பொறுக்கி, எடை போட்டு, இந்தப் பையில் தைத்து இங்கே புதைத்தவள் அவள்தான்.

உலோக ஆலையின் புகை அறுபது வருடமாகக் கொன்று போட்ட மண் அது. மே மாத மத்தியான வெயிலில், குளிர்காலம் முழுக்கப் பனியில் தங்கிய அமிலமெல்லாம் உருகி, சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கந்தக நெடி தொண்டையைக் கீறியது. இலை எவ்வளவு மட்குகிறது என்று பார்க்கத்தான் ஆய்வகத்தில் பைகளைப் புதைக்கச் சொல்வார்கள். இங்கே எதுவும் மட்காது. முதல் மூன்று சோதனை நிலத்துப் பைகளிலும் போட்டது போட்டபடியே மஞ்சளாக வந்தது. பழுத்தது பச்சையாகித் திரும்பியதைப் பன்னிரண்டு வருட வேலையில் அவள் பார்த்ததில்லை.

மட்காது என்பது தெரிந்தும் புருஷன் ரோடியோனை இங்கே புதைத்தாளே, ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது அதுதான். ஆய்வுக்கு மண் எடுப்பவள் குழி தோண்டினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

சாலையோரம் வண்டியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் மக்கார் குரல் கொடுத்தார். "ரோடியோன் கடுதாசி போட்டானாம்மா? இல்ல, தெக்க எவ வீட்டுலயாச்சும் ஒதுங்கிட்டானா?"

"எங்கயோ கெடக்கட்டும் அண்ணே."

பச்சை இலையை ஆய்வகத்தில் பார்த்தால் நாளைக்கே நாலாம் நிலம் முழுவதையும் தோண்டச் சொல்வார்கள். அதற்குள் அவன் என்ன ஆனான் என்று அவள் பார்த்தாக வேண்டும். மக்கார் கண்ணில் படாமல் மேட்டுக்குப் பின்னால் போய் மண்வெட்டியை இறக்கினாள்.

அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் கோணல். கதவிடுக்கில் வைத்து ஒடித்தவன் ரோடியோன். செப்டம்பரில் பை புதைத்த அன்றைக்கும் குடித்துவிட்டு இங்கேயே தேடி வந்தான். வலது கையைப் பிடித்து இழுத்து, "வீட்டுக்கு வாடி, இந்தக் கையையும்" என்றான். வாக்கியம் முடியவில்லை. மண்வெட்டியால் அவள் போட்டது மூன்று வெட்டு. மண்டை பிளந்து மூளை தெரிந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அப்போது அழவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. குளிர்காலத்தில் உறைந்து உப்பிய மண் அவனை மேலே தள்ளியிருந்தது. முதலில் தாடி. பிறகு கன்னம். சிவந்த கன்னம். நெற்றி.

நெற்றியில் காயமே இல்லை.

தழும்புகூட இல்லை. தோல் வழுவழுவென்று இருந்தது. தொட்டாள். சூடு.

மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். எலும்பு நொறுங்கியது. ரத்தம் பீறிட்டு அவள் வாயில் பட்டது. உப்பும் செம்புமாக ருசித்தது. மறுபடியும் போட்டாள். கண் தெறித்தது. தாடை கிழிந்து தொங்கியது. பிடி ஒடியும்வரை போட்டாள். ஒடிந்த கட்டையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள்.

குழிக்குள் உருகிய நீர் இறங்கியது. சொட்டு. சொட்டு.

தாடை மெல்லத் திரும்பி, இருந்த இடத்தில் பொருந்தியது. பிளவின் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன. காலியான கண்குழியில் விழி முளைத்தது. அவளைப் பார்த்தது.

ஒடிந்த கட்டையை மறுபடி ஓங்கினாள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அவளுடைய வலது கையைப் பிடித்தது. விரல்களைத் தடவி, ஒன்று ஒன்றாகப் பிரித்து வைத்தது. பிடி இறுகியது.

"ஒடிக்கிறேன்" என்று ரோடியோன் முடித்தான்.