எண்ணெய் படாத நாடா

கலோலைனே வந்து உட்கார்ந்ததும் தென்கடல் தீவில், நெயாஃபு காவல் நிலையத்தின் சிறிய அறை சந்தன வாசனையால் நிறைந்தது. நாற்காலியின் முதுகில் அவள் சாயவில்லை. இடுப்பில் துக்க உடையாக மெல்லிய, மிகப் பழைய, அருமையான பாய் ஒன்றைக் கட்டியிருந்தாள். சாவு வீட்டில் அப்படிப்பட்ட பாயைக் கட்டும் உரிமை இறந்தவனின் அக்காவுக்கு உண்டு. பெற்ற பிள்ளைகளுக்கு முழங்காலை மறைக்கும் முரட்டுக் கிழிசல் பாய்தான்.

"என் தம்பி லிசியாதே நேத்து மதியம் ஆஸ்பத்திரியில போயிட்டான்," என்றாள்.

"கேள்விப்பட்டேன்மா. நல்ல மனுஷன்," என்றார் இன்ஸ்பெக்டர் கெலெபி.

"அவன் மூஞ்சில இருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை யாரோ கழட்டிக் கட்டில் கம்பியில மாட்டியிருக்காங்க. செவுத்துல இருக்கிற குழாயையும் மூடியிருக்காங்க. ஊரெல்லாம் அவன் மகன் மனாசேதான் பண்ணினான்னு பேசுது. நாளைக்கு அடக்கம். அப்பன் பெட்டியை அவன் தூக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. அப்பனைக் கொன்னவன்னு எங்க வம்சத்துல ஒருத்தன் பேர் நிக்கக் கூடாது."

"நீங்க யாருன்னு நினைக்கிறீங்க?"

"அந்த நர்ஸ் பொண்ணு லூபே. கவனக்குறைவு. அப்படியே சொல்லி முடிச்சுடு, கெலெபி. எங்க வீட்டு மரியாதை என்னன்னு உங்கப்பனுக்குத் தெரியும்."

அவள் போன பிறகும் வாசனை போகவில்லை. இளம் காவலர் ஃபெலேதி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "விசாரிக்கச் சொன்ன மாதிரி இல்லையே ஐயா. தீர்ப்பைக் கையில கொடுத்துட்டுப் போற மாதிரில்ல இருக்கு."

"தொப்பியை எடு. ஆஸ்பத்திரி அறையை இன்னும் சுத்தம் பண்ணியிருக்க மாட்டாங்க," என்றார் கெலெபி.

பண்ணவில்லை. குடும்பத்துக்குள் பேச்சு முற்றியதும் தலைமை நர்ஸ் அறையைப் பூட்டச் சொல்லியிருந்தார். லூபே திறந்துவிட்டாள். அழுது வீங்கிய கண்கள். அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று வார்டுக்கு, இன்னொன்று வெளி வராண்டாவுக்கு. கட்டில் கம்பியில் மாஸ்க் தொங்கியது. அவசரத்தில் எறிந்ததுபோல் இல்லை. முறுக்கு எடுத்து, நாடாவை நேராக்கி மாட்டியிருந்தார்கள்.

"மாஸ்க்கைக் கழட்டினதாலதான் உயிர் போச்சா?" என்று கேட்டார் கெலெபி.

"இல்லீங்க ஐயா. நுரையீரல் முழுக்கக் கேன்சர். மூச்சு முட்டாம இருக்கறதுக்கு ஆக்ஸிஜன், வலி தெரியாம இருக்கறதுக்கு மார்ஃபின், அவ்வளவுதான் எங்களால முடிஞ்சது. மாஸ்க்கை அவரே கையால தள்ளித் தள்ளி விடுவார். டாக்டர் வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு, 'இனிமே அவருக்கு எது சுகமோ அதைச் செய்வோம். இது வேணாம்னா கழட்டிடலாம்'னு சொன்னார். மனாசே சரின்னான். அவரோட அக்கா, அந்தப் பெரியம்மா, விடலை. 'அப்பனை மூச்சுத் திணற வச்சுக் கொல்லப் பாக்குறான்'னு வராண்டாவே கேக்கத் திட்டினாங்க. அதோட அந்தப் பேச்சை யாரும் எடுக்கலை."

"நேத்து?"

"மனாசே உள்ளேருந்து ஓடி வந்தான். 'மாஸ்க்கை மாட்டு, சீக்கிரம் வந்து மாட்டு'ன்னான். போய்ப் பாத்தா மூச்சு இல்லை. 'பக்கத்துலதானே நின்னே, நீயே மாட்டியிருக்கலாமே'ன்னு டாக்டர் கேட்டார். வாயே திறக்கலை. டாக்டர் வெளிநாட்டுக்காரர். அப்பன் தலையில பிள்ளை கை படக் கூடாதுன்னு அவருக்கு எங்க தெரியும்? நானே மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் அவர் தலையைத் தொடுவேன்."

"அப்பனையே முடிக்கத் துணிஞ்சவனுக்குத் தலை என்ன, கால் என்ன?" என்றான் ஃபெலேதி.

கெலெபி கட்டிலருகே போனார். தலையணையின் நடுவில் மஞ்சளாக ஒரு கறை படர்ந்திருந்தது. குனிந்து முகர்ந்தார். பிறகு மாஸ்க்கின் எலாஸ்டிக் நாடாவை முழு நீளத்துக்கும் இரு விரல்களுக்கிடையே இழுத்தார். "நீயும் தொட்டுப் பாரு."

ஃபெலேதி தொட்டான். "காஞ்சு கிடக்கு ஐயா. வெள்ளையா இருக்கு."

"அவர் தலைக்கு எண்ணெய் யாரும்மா வச்சது?"

லூபே விழித்தாள். "எண்ணெயா? ஆக்ஸிஜன் ஓடுற இடத்துல எண்ணெய் இருந்தா நெருப்புப் பிடிக்கும்னு வந்தவங்க எல்லார்கிட்டயும் முதல் நாளே சொல்லிட்டேனே."

பிண அறையில் லிசியாதே படுத்திருந்தார். நரைத்த முடி எண்ணெய் மினுங்க, படிய வாரப்பட்டிருந்தது. 

மனாசே ஆஸ்பத்திரி முற்றத்தில் ஈரப்பலா மரத்தின் அடியில், கிழிசல் பாயோடு உட்கார்ந்திருந்தான். சொந்தக்காரர்கள் தள்ளியே நின்றார்கள்.

"மாஸ்க்கை நீ கழட்டினியா?"

"இல்லை."

"பின்னே யாரு?"

அவன் தரையைப் பார்த்தான். "என்னைப் பிடிச்சுட்டுப் போறதுன்னா போங்க ஐயா. வேற எதுவும் கேக்காதீங்க."

திரும்பி நடக்கும்போது ஃபெலேதி மெதுவாகச் சொன்னான்: "இது செஞ்சவன் பேச்சு ஐயா."

"இல்லைப்பா. தெரிஞ்சவன் பேச்சு. எல்லாரையும் அந்த அறைக்குக் கூட்டிட்டு வா."

பிற்பகலில் காலிக் கட்டிலைச் சுற்றி அவர்கள் கூடினார்கள். கலோலைனே ஒரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனாசே கதவோரம் தரையில். லூபே சுவரோடு சுவராக. கெலெபி இரண்டு கதவுகளையும் சாத்தினார்.

"கொல்ல நினைச்சவன் இவ்வளவு வேலை பண்ண மாட்டான்," என்று தொடங்கினார். "குழாயை மட்டும் மூடிட்டு மாஸ்க்கை முகத்துலயே விட்டிருந்தா யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இங்க குழாயையும் மூடி, மாஸ்க்கையும் கழட்டி, ஒழுங்கா மாட்டியும் வச்சிருக்காங்க. ஏன்னு தலையணை சொல்லுது. எண்ணெய் வைக்கணும். ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேரக் கூடாதுன்னு லூபே சொன்னது ஞாபகம் இருந்திருக்கு. அதனால மூடியிருக்காங்க."

"திரும்ப மாட்டியிருக்கலாமே ஐயா?" என்றான் ஃபெலேதி.

"மாட்டலை. மாஸ்க் நாடா தலையைச் சுத்திப் போகும். தலையெல்லாம் எண்ணெய், நாடாவுல ஒரு பொட்டு இல்லை. எண்ணெய் வச்ச பிறகு அது ஏறவே இல்லை."

"அப்போ எண்ணெய் வச்சது..." ஃபெலேதி பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

கெலெபி ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். "பெத்த பிள்ளை தொட முடியாது. பொண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. நர்ஸ் எண்ணெய் எடுக்க மாட்டா. அந்தத் தலையைத் தொட்டு வார உரிமை உள்ளவங்க ஒருத்தர்தான் மிச்சம். தலையணையில இருக்கிற சந்தன வாசனை காலைல என் அறைக்கு வந்துச்சு. மனாசே, நேத்து நீயும் அந்த வாசனையைத்தான் பிடிச்சே, இல்லையா?"

அறையில் ஒருவரும் கலோலைனே பக்கம் திரும்பவில்லை. அத்தையை நோக்கி விரல் நீட்டும் வழக்கம் அந்தத் தீவில் எந்த வீட்டிலும் இல்லை.

"போதும் ஐயா. நான்தான்னு சொல்லிடுங்க," என்றான் மனாசே.

"வாயை மூடுடா," என்றாள் கலோலைனே.

அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"'அக்கா, இந்தக் கடிவாளத்தைக் கழட்டு'ன்னான். 'ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற மாதிரி தலை வாரி விடு'ன்னான். சின்ன வயசுல நான்தான் வாரி விடுவேன். வாரினேன். வாரிட்டு இருக்கும்போதே மூச்சு நின்னுச்சு. திரும்ப மாட்டத்தான் எடுத்தேன். முகத்தைப் பாத்தேன். அத்தனை மாசத்துல அப்படியொரு அமைதியை அவன் முகத்துல பாத்ததில்லை. மாட்ட மனசு வரலை. கம்பியில போட்டுட்டு வராண்டா வழியா வந்துட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "கழட்டக் கூடாதுன்னு ஊர் கேக்கக் கத்தினவ நான். நானே கழட்டினேன்னு எந்த வாயால சொல்றது?"

"சட்டத்துக்கு இதுல வேலை இல்லைம்மா," என்றார் கெலெபி. "டாக்டர் அன்னைக்குச் சொன்னதைத்தான் நீங்க செஞ்சீங்க. ஆனா நாளைக்குப் பெட்டியை யார் தூக்கறதுங்கறதைச் சட்டம் சொல்லாது. இந்தப் பொண்ணு பேரையும் சட்டம் கழுவித் தராது."

கலோலைனே எழுந்து வெளியே போனாள்.

"ஊருக்கு முன்னால சொல்லுவாங்களா ஐயா?"

"தெரியலை ஃபெலேதி. அந்த முதுகு வளைஞ்சு நான் பாத்ததில்லை."

மறுநாள் காலை வீட்டு முற்றத்துப் பந்தலில் பாட்டு தொடங்கியிருந்தது. லூபேவும் வந்து ஒதுங்கி நின்றாள். பெட்டியின் தலைமாட்டில், அக்காவுக்கு உரிய இடம் காலியாக இருந்தது. மனாசேவைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து கலோலைனே வந்தாள். பாட்டு தானாக நின்றது. அவள் இடுப்பில் அந்த மெல்லிய பாய் இல்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கும், ஓரம் பிய்ந்த முரட்டுப் பாயைக் கட்டியிருந்தாள். அந்த வீட்டில் அக்கா முறைக்காரி எவளும் அதைக் கட்டியதில்லை.

"என் தம்பி மாஸ்க்கைக் கழட்டினது நான்," என்றாள். "கேட்டான், கழட்டினேன். கழட்டலாம்னு அவன் பிள்ளை முதல்லயே சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. அந்த நர்ஸ் பொண்ணு என் தம்பியைத் தாய் மாதிரி பாத்துக்கிட்டா. மனாசே, வா. பெட்டிக்கு முன்பக்கம் நீதான்."

பெரியவர்கள் பெட்டிக்கு முன்னால் வழிவிட்டார்கள். அவள் தலைமாட்டுக்குப் போகாமல், கால்மாட்டில் வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா," என்று கிசுகிசுத்தான் ஃபெலேதி, "முதுகு இப்பவும் வளையலை."

"வளைய வேண்டிய அவசியம் இல்லை," என்றார் கெலெபி, தொப்பியைக் கழற்றியபடி.

மனாசே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான்.