வாசல் ஆட்டம்

நிலாவில் நெல்லைச் சீமைக்காரர்களின் குடியேற்றத்தில், செத்தவர்களோடு பேச வருடத்துக்குப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். அதுவும் திதியன்று மட்டும். செண்பகவல்லி ஏழாவது நிமிடத்திலேயே கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

“சின்னதுல நீ திரையில வெளையாடிக்கிட்டே இருப்ப. நான் சோத்துத் தட்டோட பின்னாலயே நிப்பேன். ‘இரும்மா, இந்த ஆட்டம் முடியட்டும்’பே,” என்று அம்மா பிரமு சிரித்தாள். உயிர் போவதற்கு முன் மூளையிலிருந்து எடுத்து வைத்த நிழற்படி அது. சிரிப்பு மட்டும் அச்சு அசலாக அம்மாவுடையது.

“ஆபீஸ்ல கூப்பிடுதாவம்மா. போயிட்டு வாரேன்.”

கதவு மூடிக்கொண்டது.

ஆபீஸ் என்பது ‘சொக்கட்டான்’ என்ற இணைய விளையாட்டுத் தளம். முதலாளி நயினார் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“உசுரோட இருக்கவனையெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் மண்டையில சில்லு வச்சு வளைச்சுட்டான். எவனும் சீண்டாத கூட்டம் ஒண்ணக் கண்டுபிடி தாயி. மாசக் கடைசிக்குள்ள ஆள் சேரலன்னா, தளத்த மூடி நம்மளப் பூமிக்கு அனுப்பிருவாவ.”

செண்பகம் நிலாவில் பிறந்தவள். பூமியின் கனத்தை அவள் எலும்புகள் ஒரு வாரம்கூடத் தாங்கா.

வயது வாரியாக, தொழில் வாரியாக, நோய் வாரியாகத் தேடினாள். எல்லாக் கூட்டத்தையும் யாரோ முன்பே பிடித்திருந்தார்கள். மூன்றாம் நாள், கேட்பாரற்றுக் கிடந்த பழைய தாயக்கட்டை ஆட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டாள். சாப்பாட்டுக்கு எழுந்திருக்காதவர்கள். ஒரு நிமிடம்கூடத் தூங்காதவர்கள். தடம் பிடித்துப் போனால், அது செத்தவர்களின் நிழற்படிகளை வைத்திருக்கும் நிழற்காப்பகத்தில் போய் நின்றது.

“பேச்சு முடிஞ்சதும் தூங்க வச்சிருவீகல்லா?” என்று காப்பாளர் பூதத்தானிடம் கேட்டாள்.

“எங்க தூங்க வைக்க? திரும்பி வருவேன்னு சொல்லிட்டுப் போனா முழிச்சிருக்க விடணும்னு பொறிக்கு விதி. செஞ்சவன் வேற நாட்டுக்காரன். நம்மாளு எவனாவது வாயத் திறந்து ‘போறேன்’னு சொல்லுவானா?”

“அப்ப வருசம் பூரா?”

“மூடின கதவப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாவ. நாப்பதாயிரம் பேரு. பராமரிப்புக் கம்பி வழியா நாலு பேரு தாயம் ஆட வந்திருக்காவ போல.”

“இப்பத் தூங்க வச்சா என்ன?”

“பெத்த பிள்ளை வந்து ‘போறேன்’னு சொல்லணும். இந்தா, உங்கம்மா கதவு ஏழாம் வரிசைதான். தொறக்கவா? ஒத்த வார்த்தைக்கு நான் கணக்கு வைக்க மாட்டேன்.”

செண்பகம் ஏழாம் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் அசையாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது அவள் முதுகுத்தண்டில் தெரிந்தது. மாசக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

“பெறவு வாரேன் அண்ணாச்சி,” என்று ஆபீசுக்குப் போய்விட்டாள்.

நயினார் துள்ளிக் குதித்தார். “தூக்கமில்ல, சோலியில்ல, செத்துப்போயி ஆள் குறையவும் போறதில்ல! வாடிக்கைன்னா இதுல்லா வாடிக்க!”

என்ன ஆட்டம் வேண்டும் என்று செண்பகம் ஓலை அனுப்பிக் கேட்டாள். பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வந்தன: யாராவது கதவைத் திறந்துகொண்டு வர வேண்டும்.

திதிப் பேச்சுகளின் பதிவுகளிலிருந்து பிள்ளைகளின் முகத்தையும் குரலையும் எடுத்து ‘வாசல்’ என்ற ஆட்டத்தை அவள் உருவாக்கினாள். கதவு தட்டப்படும். மகனோ மகளோ வந்து உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்காரவைப்பதுதான் ஆட்டம். பத்து நாளில் நாற்பதாயிரம் பேரும் சேர்ந்துவிட்டார்கள். தளம் பிழைத்தது, செண்பகத்தின் எலும்புகளும் பிழைத்தன.

அடுத்த திதிக்கு அவள் முழுநாள் விடுப்பு எடுத்தாள். கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அம்மாவிடம் ‘போறேன்’ என்று சொல்லித் தூங்கவைத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பழகினாள்.

கதவு திறந்தது. அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே, கன்னத்தில் கைவைத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள் இன்னொரு செண்பகம்.

“அம்மா, நான் வந்திருக்கேன்.”

“யாரு, செம்பகமா? வா தாயி. உக்காரு.” அம்மா திரும்பவில்லை.

“அது பொம்மைம்மா. நானே செஞ்சது. நாந்தாம்மா நெசம்.”

“தெரியும்ட்டி. ஆனா இவ கடிகாரத்தப் பாக்க மாட்டா.”

நிமிடங்கள் போயின. எதிரே இருந்தவள் எதற்கோ சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

“அம்மா, நேரம் முடியப் போவுதும்மா. ஒரே ஒரு வார்த்தை. என்னைப் பாரேன்.”

“இரு தாயி,” என்றாள் பிரமு, தலையைத் திருப்பாமலே. “இந்த ஆட்டம் முடியட்டும்.”

செண்பகம் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் சோற்றுத் தட்டு ஒன்றுதான் இல்லை.