ஒரு சுற்று ஓய்வு

சத்தக் குமிழைக் கடைசிவரை இடப்பக்கம் திருகிவிட்டாள் ரிட்சுகோ. அதற்குமேல் திருக இடமில்லை. ஆனாலும் அந்தப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து கரடியின் மெட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

டொம்... டொம்... டொடொடொம்.

மிக மெல்லிய சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விரலால் தட்டுவது போல.

"ஏன் குறைச்ச? நல்லாத்தானே இருக்கு!" அடியில் கணப்பு வைத்த கொதாட்சு மேசையின் போர்வைக்குள் இடுப்புவரை நுழைந்து குளிர் காய்ந்துகொண்டிருந்த அவள் கணவன் யசுனோரி, கையை நீட்டிக் குமிழை மறுபடி ஏற்றினான். "இத்தனை வருஷம் பரண்ல கிடந்த வீடியோ கேம். உள்ள இருக்கிற பாட்டரி இன்னும் சாகல பாரு. ஆட்டம் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்குது. நாரை நீதானே? கரடி யாரு?"

ரிட்சுகோவின் அம்மாதான் சொன்னாள்.

"கரடி எங்க தமோட்சு."

புத்தாண்டின் இரண்டாம் நாள். மதியம்தான் ஆகியிருந்தது; ஆனால் பனிக்குப் பேர்போன ஊரான தோகமாச்சியின் வானம் அடுப்புச் சாம்பலைப் போல இறங்கி வந்திருந்தது. காலையில் குடித்த, மோச்சி எனும் அரிசிக் கொழுக்கட்டை போட்ட சூப்பின் வாசனையும் மண்ணெண்ணெய் அடுப்பின் நெடியும் அறைக்குள் கலந்து நிற்க, தலைக்கு மேலே, கூரையில், ஆள் உயரத்துக்கு ஏறிப்போயிருந்த பனியின் கனத்தில் மர உத்திரங்கள் ஒவ்வொன்றாக முனகின.

"மாப்பிள்ளை, கூரை ஏறிப் பனியைத் தள்ளணும்."

"நாளைக்கு ஏறிடுறேன் அத்தை. இன்னிக்குக் குடிச்ச சாக்கே என்னை ஏற விடாது."

அம்மாவின் முகம் இறுகியது. "அவரும் இதையேதான் சொன்னார்."

அவர் என்றால் அப்பா. இதே போல் ஒரு புத்தாண்டு மதியம், நாளைக்கு ஏறுகிறேன் என்று குடித்துவிட்டுத் தூங்கியவர். கூரைப்பனி ஒரேயடியாகச் சரிந்து பின்பக்கத்துக் கொட்டகையை அமுக்கியது. உள்ளே ரிட்சுகோவின் தம்பி, ஏழு வயதுத் தமோட்சு இருந்தான். அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேயில்லை. அவருடைய சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தள்ளி வைப்பாள். ரிட்சுகோ பார்த்துக்கொண்டே வளர்ந்தாள்.

திரையில் நாரை, வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் போகும் மலைப்பாதையில் நின்றது. பகடை உருட்டி ஊர் ஊராக நகர வேண்டும், பரமபதம் போலத்தான். ஒவ்வொருவருக்கும் தனி மெட்டு. அவரவர் முறை வந்தால் அவரவர் மெட்டு ஒலிக்கும். இடையிடையே 'ஒரு சுற்று ஓய்வு' என்று எழுதிய கட்டங்கள். அந்தக் கட்டத்துக்கென்று இந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. விழுந்தவர் கொட்டகைக்குப் போய் ஆரஞ்சு எடுத்துக்கொண்டு, தன் மெட்டு காதில் விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மெட்டு கேட்டதும் ஓடி வரலாம்.

"அதைக் குடுங்க, அவனுக்கு நான் ஆடுறேன்." அம்மா கரடியின் கண்ட்ரோலரைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! "ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிக்கு வரை புரியலடி. இந்தப் பாட்டு கேட்டா அவன் செருப்புகூடப் போடாம ஓடி வருவான். அன்னிக்கு ஏன் வரல?"

ரிட்சுகோவின் பார்வை குமிழுக்குப் போனது.

சொல்லிவிடலாம். நான்தான் சத்தத்தைக் குறைத்தேன் அம்மா. அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். அவன் முறையையும் நானே தப்பாக ஆடிவிடலாம் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். குமிழைத் திருகிவிட்டுத் திரும்புவதற்குள் கூரை இடிந்தது போல ஒரு சத்தம். அப்பா பாவம் அம்மா.

"தெரியலம்மா," என்றாள்.

கூரை நீளமாக ஒருமுறை முனகியது.

நாரையின் முறை. புல்லாங்குழல் போல இழையும் அவளுடைய மெட்டு. பொத்தானை அழுத்தினாள். பகடை உருண்டு நின்றது. நாரை தத்தித் தத்திப் போய் உட்கார்ந்த கட்டத்தில் நீல எழுத்துகள் மின்னின.

ஒரு சுற்று ஓய்வு.

"மாட்டிக்கிட்டா!" அம்மா கைதட்டினாள். "சட்டம்னா சட்டம். போ, ஆரஞ்சு எடுத்துட்டு வா."

"அம்மா, வேண்டாமே..."

"வயசான எங்கிட்டயே ஏமாத்துறியா?"

யசுனோரி சிரித்தான். "போயிட்டு வா. எனக்கும் ரெண்டு ஆரஞ்சு."

மறுக்கக் காரணம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழுந்தாள்.

"என்னங்க, சத்தத்தை மட்டும் குறைச்சிடாதீங்க."

"உன் பாட்டு ஊருக்கே கேட்கும். போ."

அப்பா திரும்பக் கட்டிய கொட்டகை. அதே இடம். இழுவைக் கதவு பனியில் சிக்கிச் சிக்கித் திறந்து, அவள் உள்ளே போனதும் தானாகச் சாத்திக்கொண்டது. வைக்கோலும் மண்ணெண்ணெயும் ஆரஞ்சுத் தோலும் கலந்த இருட்டு. வைக்கோல் பரப்பிய ஆரஞ்சுப் பெட்டிமீது உட்கார்ந்தாள். எதிரே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஜன்னல். குறுகலான இடைவெளிக்கு அப்பால் வீட்டின் கண்ணாடிக் கதவு, அதற்குள் மஞ்சள் வெளிச்சம்.

டொம். டொம். டொடொடொம். கரடியின் முறை. தெளிவாகக் கேட்டது.

அவனுக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். ஆரஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டு, எப்போது எப்போது என்று, இதே குளிரில். திடீரென்று ஒன்றுமே கேட்காமல் போன பிறகும் சட்டத்தை மீறாமல்.

மெட்டு மாறியது. புல்லாங்குழல். அவளுடையது.

அப்பாடா. எழுந்து கதவை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

புல்லாங்குழல் மெலிந்தது.

"என்னங்க!"

இன்னும் மெலிந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். வீட்டுக்குள் அம்மா மேசைமேல் தலை சாய்த்திருந்தாள். யசுனோரி மல்லாந்து கிடந்தான். இரண்டு பேரும் தூக்கம்.

தொலைக்காட்சிக்கு முன்னால் யாரோ நின்றார்கள்.

சிவப்புப் பஞ்சுச் சட்டை. இரட்டைச் சடை. பத்து வயது இருக்கும். முதுகு மட்டும் தெரிந்தது. அந்தச் சட்டையின் கிழிந்த முழங்கையில் அம்மா போட்ட வெள்ளை ஒட்டு. ரிட்சுகோ அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

சிறுமியின் கை குமிழில் இருந்தது. இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம்.

"திருகாதே!"

சத்தம் நின்றது.

மேலே வீட்டுக் கூரையில் ஏதோ மெல்ல நகரத் தொடங்கியது. ஈரமாக. கனமாக.

பின்னால், அவள் உட்கார்ந்திருந்த பெட்டியில் வைக்கோல் சரசரத்தது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். பனிக்கட்டியாய் உறைந்த ஒரு சின்னக் கை, அவள் விரல்களுக்கு இடையில் நுழைந்து, இறுக்கிக்கொண்டது.

"அக்கா... நம்ம பாட்டு இன்னும் வரலையா?"